மார்ச் கடைசியில் வரும் தர்மம்

கண்ணா,

போனில் நான் வாயைத் திறந்தால் "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று விஷு கழிந்ததிலிருந்து காத்துப் பார்த்துவிட்டேன். இனிமேல் காத்திருக்கப் பொறுமை இல்லை, அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வெட்டிவிட்டு வேறு லைனுக்குப் போக முடியாதல்லவா? கொச்சியிலேயே படித்து வளர்ந்த நீ, மலையாளத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்திருப்பாய். எனக்கு ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுத்தது தமிழில், எனக்குக் கோபம் வருவதும் தமிழில்தான். எழுத்துக்கூட்டியாவது படி. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் நித்யா இதைப் படமெடுத்து நம் தெருச் சங்கத்து வாட்ஸாப் குழுவில் போடப்போகிறாள். உன் பேரை நான் எழுதவில்லை. ஆனால் மார்ச் மாதம் வந்தால் உன்னைப் போலவே பதறுகிற பிள்ளைகள் இந்தத் தெருவில் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

சங்கத்து மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையில் நாங்கள் பெண்கள் சேர்ந்து மதியச் சமையல் செய்கிறோம், உனக்குத் தெரியும். தனியாக இருக்கிற வயதானவர்களுக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஏப்ரல் முதல் அது ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் அடுப்பு எரிகிறது, மறுநாள் பூட்டிக் கிடக்கிறது. வருஷா வருஷம் மார்ச்சில் நீ கொடுக்கிற அறுபதாயிரத்தில்தான் அரிசிக்கும் கேஸுக்கும் பெரும்பங்கு நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் அந்தப் பணம் பள்ளுருத்தியில் இருக்கிற பெரிய டிரஸ்டுக்குப் போயிற்று. போனதற்கு ஒரே காரணம், அவர்களிடம் வரிக்கழிவு தருகிற எண்பது ஜி பதிவு இருக்கிறது, நம் சங்கத்திடம் இல்லை என்பதுதான். அந்த டிரஸ்டை நான் குறை சொல்லமாட்டேன். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற நல்ல இடம். நேரில் போய்ப் பார்த்தேன், ஒரு படுக்கை கூட அழுக்காக இல்லை. அவர்களுக்குக் கொடுத்தது எனக்கு வருத்தமில்லை. நீ எப்படி யோசித்துக் கொடுத்தாய் என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

மார்ச் வந்தால் உனக்குத் தர்மம் காய்ச்சல் மாதிரி ஏறுகிறது. கடைசி வாரத்தில் உச்சத்துக்குப் போய், ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் விட்டுவிடுகிறது. முன்னொரு மார்ச்சில் ஐயாயிரத்தை ரொக்கமாகக் கொண்டுபோய் ஒரு ஆசிரமத்தில் கொடுத்துவிட்டு வந்தாய். ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டாயிரம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள், அதற்கு மேல் போனால் ஒரு பைசாவுக்கும் கழிவு கிடையாது என்று உன் ஆடிட்டர் பிறகு சொன்னார். அந்த ஆசிரமத்துக்காரரையே போனில் திட்டினாய், பாவம், அவர் உன்னைக் கேட்டாரா? அடுத்த மார்ச்சில் புத்திசாலித்தனமாகப் போர்வைகள் வாங்கி, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதியோர் இல்லத்தில் கொடுத்தாய். கொச்சி வெயிலில் கம்பளிப் போர்வை! பொருளாகக் கொடுத்தால் அதற்கும் கழிவு கிடையாது என்றார் அதே ஆடிட்டர். அரிசி கொடுத்தாலும் அப்படித்தானாம், துணி கொடுத்தாலும் அப்படித்தானாம். இரண்டு தடவை அடிபட்டபிறகு, கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவரைக் கேட்டிருக்கலாம். நீ எப்போதும் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறாய்.

இந்த வருஷம் நீ வந்து உட்கார்ந்து எனக்குச் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "அம்மா, பணம் எப்படியும் போகப்போறதுதான். பதிவு உள்ள டிரஸ்டுக்குச் செக்காக் கொடுத்தா, அறுபதாயிரத்துல பாதி வருமானக் கணக்குலேர்ந்து கழியும். என் ஸ்லாபுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரி மிச்சம். அந்த மிச்சத்தை அப்படியே சங்கத்துக்குத் தரேன். அவங்களுக்கும் ஆச்சு, இவங்களுக்கும் ஆச்சு." நான் தலையாட்டினேன். எனக்கும் அன்று அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. அறுபதாயிரம் கிடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒன்பதாயிரம் போதுமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு என் மேலேயே இருக்கிறது. மறுநாள் சங்கத்தில் ராஜத்திடம் போய் "ஒன்பதாயிரமாவது நிச்சயம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன். சமையலறைப் பொறுப்பு அவளுடையது. அதை நம்பி அவள் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது ஓட்டலாம் என்று கணக்குப் போட்டாள்.

செக்கை என் கையில் கொடுத்து, "நீங்களே போய்ப் பாத்துட்டுக் கொடுங்கம்மா" என்றாய். ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், நித்யா வயதுதான் இருக்கும், ரசீதுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு "அம்மே, ஆருடெ பேரில்?" என்று கேட்டாள். யார் பேரில் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இத்தனை வருஷம் கோயில் வழிபாட்டுக் கௌண்டரில் நின்ற வாய் இது. "நித்யா, ரோகிணி" என்றேன். பேத்தி பேரும் நட்சத்திரமும். உன் பேரைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நாம் கொடுத்தால் பிள்ளைகள் பேரில்தானே கொடுப்போம்? உன் அப்பா உனக்கு ஜுரம் வந்தாலும் பரீட்சை வந்தாலும் உன் பேரில்தான் அர்ச்சனைச் சீட்டு எடுத்தார், ஒருநாளும் தன் பேரில் எடுத்ததில்லை. சின்ன வயதில் நீ அந்த வரிசையில் நின்றுகொண்டு "சாமிக்கு என் பேர் தெரியாதா, எதுக்கு எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டாய். "சாமிக்குத் தெரியும்டா, பூஜை பண்ற சாந்திக்காரருக்குத் தெரியாது" என்றார் அப்பா. வரிசையே சிரித்தது.

அந்தப் பெண் "கொச்சுமோளாணோ?" என்றாள். பேத்திதான் என்றேன். சி.ஏ. படிக்கிறாள், முதல் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள் என்பதையும் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? பான் நம்பர் கேட்டாள். வழிபாட்டுக்கு அதெல்லாம் எதற்கு மோளே என்றேன். அவளும் வரிசையில் ஆள் நிற்கிற அவசரத்தில் "நித்யா ரோகிணி" என்று முழுப்பேராக எழுதி, நம்பருக்கு இடத்தைக் காலியாக விட்டு, கிழித்துக் கொடுத்துவிட்டாள். நான் அதைப் படமெடுக்கச் சொல்லி ஆட்டோக்காரப் பையன் போனிலிருந்து உனக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் உன் மீட்டிங் எல்லாம் எங்கே போயிற்று? "அம்மா! நான் என்ன அர்ச்சனையா பண்ணச் சொன்னேன்?" என்று நீ கத்தியது ஆட்டோவுக்கு வெளியே கேட்டது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அழுகிற ஆளுக்குக் கொடுப்பது மாதிரி எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் அழவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அது உனக்குக் கேட்டிருந்தால் இன்னும் கத்தியிருப்பாய்.

மார்ச் முடிகிற நாளில் இரண்டாம் தடவை போனேன். பணம் கொடுத்தவர் பேரும் அவருடைய பான் நம்பரும் ரசீதில் இருக்க வேண்டும், அதை வைத்து டிரஸ்ட் வருமான வரிக்காரர்களுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும், அதன்பிறகு டிரஸ்ட் தருகிற சான்றிதழ்தான் உனக்குச் செல்லுபடியாகும், வெறும் ரசீது போதாது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். டிரஸ்டின் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்கும்படி நீ சொல்லியிருந்தாய், அதையும் கேட்டேன், காட்டினாள், உன் பேரும் நம்பரும் போட்டுப் புது ரசீதும் எழுதிக் கொடுத்தாள். அன்று அங்கே உட்கார நாற்காலி இல்லை. என்னைப் போல பிள்ளைகள் அனுப்பிவைத்த அப்பாக்களும் அம்மாக்களும் சுவரோரமாக நின்றார்கள். ஒருவர் வைப்பின் தீவிலிருந்து படகேறி வந்தவர். மகன் துபாயிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டு "கிட்டியோ, கிட்டியோ" என்று ரசீதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் முகத்தைத் தூக்காமலே சொன்னாள், "மார்ச்சிலாணு அம்மே எல்லாவர்க்கும் ஸ்நேகம் வருன்னது." மார்ச்சில்தான் எல்லோருக்கும் அன்பு வருகிறதாம். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஆகஸ்டில் மருந்து வாங்கக் கையில் காசு இருப்பதில்லை என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கும் சுருக்கென்று இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இத்தனை அலைச்சலுக்கும் பலன் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். விஷுவுக்கு நித்யா வந்தாளே, கைநீட்டக் காசு வாங்கியவுடன் அவளிடம் அந்தப் புது ரசீதைக் காட்டினேன், பாட்டி எப்படிச் சாதித்தேன் பார் என்று. அவள் படித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்பா, நீங்க எந்த முறையில வரி கட்டறீங்க? பழசா, புதுசா?"

"புதுசுதான். ஆபீஸ்ல போன வருஷமே மாத்திட்டேன். டாக்ஸ் கம்மி."

"அப்ப எண்பது ஜி-ன்னு பாட்டியை எதுக்கு ஓட விட்டீங்க?"

"ஏன்?"

"புது முறையில அந்தக் கழிவே கிடையாதுப்பா."

  "ரிட்டர்ன் போடும்போது பழசுக்கு மாறிக்கலாமே?" என்றாய். மாறலாம், சம்பளக்காரர்களுக்கு அது முடியும் என்றாள். ஆனால் உன்னிடம் சம்பள விவரத்தைக் கேட்டு, சமையல் மேடையில் போனை வைத்துக்கொண்டே தட்டிப் பார்த்தாள். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, காட்டுவதற்கு வேறு பெரிய கழிவு ஒன்றும் இல்லை. பழைய முறைக்குப் போனால் இந்த ஒன்பதாயிரம் கிடைக்கும், மொத்த வரியோ அதைவிடப் பல மடங்கு கூடும். ஆகக்கூடி மிச்சம் பூஜ்யம், சங்கத்துக்கு நீ சொன்ன ஒன்பதாயிரமும் பூஜ்யம். நித்யாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னாய் பார், "சரி விடு, அடுத்த மார்ச்ல பாத்துக்கலாம்" என்று, அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு மனசு கொதிக்கிறது.

அடுத்த மார்ச் வரை யார் பார்த்துக்கொள்வது? பொன்னம்மாவை உனக்கு நினைவிருக்கும். இஞ்சிக் கிடங்கில் சுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் கன்னத்தைக் கிள்ளிக் கையிலிருந்த சுக்குத் தூளை அப்பிவிடுவாள், நீ தும்மிக்கொண்டே ஓடுவாய். இப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது, அடுப்புப் பக்கம் போக விடமாட்டோம். நாங்கள் கொண்டுபோகிற சோற்றில் பாதியை மதியம் சாப்பிட்டு, மீதியை ராத்திரிக்கு மூடிவைப்பாள். இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆனதால் அதே சோற்றை இரண்டு நாளுக்குப் பங்கு போடுகிறாள். இந்த மேட மாதத்துச் சித்திரை வெயிலில் முதல் நாள் சோறு மறுநாள் என்னத்துக்கு ஆகும்? தண்ணீர் ஊற்றிவைத்து, உப்புப் போட்டுக் குடிக்கிறாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் படுத்துவிட்டாள் என்று போன வாரம் பக்கத்து வீட்டார் வந்து சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"வாங்கக்கா. இன்னிக்கி லீவா, வேலை நாளா?" என்றாள் படுத்தபடியே.

"லீவுதான் பொன்னம்மா. எப்படி இருக்கே?"

"எனக்கென்ன. உங்க அடுப்புக்கு லீவு விட்டீங்க, இந்த வயித்துக்கு யாரும் சொல்லலை. அது பாட்டுக்கு டூட்டிக்கு வந்து நிக்குது."

 அவள் விடவில்லை. "உங்க மகன் ஏதோ வரி மிச்சம் பண்ணான்னு ராஜம் சொன்னா. மிச்சம் ஆச்சா?" என்றாள். ஆகவில்லை என்றேன். "அய்யோ பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டானோ" என்றாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே உனக்காகப் பரிதாபப்படுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உன்னை வாய்விட்டுத் திட்டினேன்.

நீ கெட்ட பிள்ளை இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. முதல் சம்பளத்தில் சங்கத்துச் சமையலறைக்குக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தது நீதான். கடைக்காரன் அனுப்புகிறேன் என்றதைக் கேட்காமல், நீயும் உன் சிநேகிதனும் அதை உந்துவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். அன்று அது எந்தக் கணக்கில் கழியும் என்று உனக்குத் தோன்றவில்லை. வரியை மிச்சம் பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. சட்டம் கொடுக்கிற கழிவை வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு? ஒன்பதாயிரம் என்பது எங்களுக்குப் பல நாள் சமையல், அதை விட்டுவிடச் சொல்கிற பைத்தியம் இல்லை நான். ஆனால் கழிவு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு அதன்பிறகு இடத்தைத் தேடு. நீ புது முறையில்தான் இருக்கப்போகிறாய் என்றால் எண்பது ஜி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? உனக்கு எல்லா இடமும் ஒன்றுதான். அப்புறம் எங்கே அடுப்பு அணைகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். எப்போதாவது பழைய முறைக்குப் போனால், அப்போது செக்கோ வங்கி வழியோ, உன் பேர், உன் நம்பர், பதிவு, சான்றிதழ் எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள். அதை ஜூனிலேயே செய், மார்ச் கடைசியில் என்னைச் சுவரோரம் நிறுத்தாதே. நம் சங்கத்துக்கும் அந்தப் பதிவு வாங்கலாமாம், நித்யா விசாரித்திருக்கிறாள். சங்கத்து ஆண்கள் அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் என்கிறார்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும்.

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். வைட்டிலா தாண்டி உன் ஃப்ளாட். இப்போது நம் மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ படகு வந்துவிட்டது, சுகமாக ஏ.சி.யில் உட்கார்ந்து வரலாம். நீ கடைசியாகச் சங்கத்துச் சமையலறைக்குள் காலெடுத்து வைத்தது எப்போது? வந்திருந்தால் அங்கே அரிசி எவ்வளவு இருக்கிறது என்று உன் கண்ணுக்கே தெரிந்திருக்கும். டிரஸ்டை மட்டும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினாய். அவர்களுடைய சான்றிதழைச் சரிபார்த்தவன், நம் அடுப்பை வந்து பார்க்கவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நேற்று சங்கத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். வாரம் இரண்டு நாளாகக் குறைக்கலாம் என்று ராஜம் சொன்னாள். குறைக்கிறேன் என்று சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் எழுந்து, திங்கட்கிழமை முதல் பழையபடி தினமும் சமையல் என்றேன். பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். மாதம் ஐயாயிரம் என் மகன் தருவான், ஒரேயடியாக மார்ச்சில் இல்லை, மாதாமாதம் ஒன்றாம் தேதி, என்று சொன்னேன். "பையன்கிட்ட கேட்டியா?" என்றாள். கேட்டாயிற்று என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. கேட்கவில்லை, ஆனால் தருவான் என்றேன். அவள் அரிசிக் கடைக்குப் போன் போட்டாள். சாயங்காலமே மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. கடைக்காரர் காசு கேட்கவில்லை, யார் தருகிறார்கள் என்று மட்டும் கேட்டாராம். உன் பேரைச் சொல்லியிருக்கிறாள்.

உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்தது தப்புதான். கோபப்படு, எனக்கு ஆட்சேபணை இல்லை. கத்த வேண்டும் என்றால் போன் பண்ணிக் கத்து. ஆனால் காலையில் பத்து மணிக்குள் கூப்பிடு. அதற்குப் பிறகு நான் சமையலறையில் இருப்பேன், போனை எடுக்க முடியாது.

அம்மா